காதை அளந்து காது குத்திய கடை: ரூ. 64,500 போன விதம்

நேற்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கடையிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று இருந்தது. யார் முடித்தார்கள், எப்படி முடித்தார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. போனது 64,500 ரூபாய். ஆத்திரம் அடங்கினால் வெட்கம் வந்து எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விலையுயர்ந்த ஸ்பீக்கர்களை விற்று, வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பொருத்தித் தருகிற வகைக் கடை.

திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடம் 14 அடி நீளம், 11 அடி அகலம். தரை முழுக்க டைல்ஸ். அப்பா கேசட்டில் சேர்த்துவைத்த பழைய கச்சேரிகளைக் கணினியில் ஏற்றியிருந்தேன். அவற்றைக் கேட்பதற்கென்று ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் 46,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். அதோடு நின்றிருக்க வேண்டும்.

பொருத்த வந்த இளைஞர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காதுகளையும் செல்பேசியில் நாலாபுறமும் படமெடுத்தார். சற்று நேரத்தில் அவருடைய டேப்லெட் திரையில் என் இடது காது சாம்பல் நிறத்தில் மெதுவாகச் சுழன்றது. "சார், உங்க இடது மடல்ல இந்த மடிப்பு ஆழமா இருக்கு பாருங்க, அதனாலதான் பாட்டு உங்களுக்கு முழுசா போய்ச் சேரல" என்றார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. காது மங்குகிறதோ என்ற பயம் ஓராண்டாக உள்ளே இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பயத்தை ஒருவர் படமாகவே காட்டி, மருந்தும் தம்மிடமே இருக்கிறது என்றால் மனம் இளகிவிடாதா? காதின் வடிவத்துக்கேற்ப ஒலியை அமைத்துத் தர 18,500 ரூபாய் என்றார். ஜிபேயில் அந்த இடத்திலேயே அனுப்பினேன். இரண்டும் சேர்ந்துதான் 64,500.

அவர் போன பிறகு கேட்டேன். குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. தலையைச் சுற்றி மிதந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை 'டிக் டிக்' என்று கேட்டது, தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கமான தொப்பி அறவே இல்லை. கடைக்கு அழைத்தபோது, புது அமைப்புக்குக் காது பழக ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பொறுத்தேன். மாதம் கழித்து அழைத்தால், காது மருத்துவரிடம் பரிசோதித்த அறிக்கையை அனுப்பச் சொன்னார்கள். அதற்கும் செலவழித்து, வயதுக்கேற்ற செவித்திறன் சரியாகவே இருக்கிறது என்ற அறிக்கையை அனுப்பினேன். அடுத்த பதில், இது என் காதுக்கென்றே தயாரித்த அமைப்பு என்பதால் பணம் திரும்பாது என்று வந்தது. என் மனைவிக்கும் தொப்பி கேட்கவில்லையே, அவருக்கு வேறு காதாயிற்றே என்றேன். "மேடத்துக்குத் தனியா அளந்துக்கலாம் சார், 9,000தான்" என்றார் அந்த மனிதர், கூசாமல்.

எங்கள் தெருவில் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் தம்பி ஒருவர் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாக வந்தவர், பாட்டைக் கேட்டதும் முகம் சுளித்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர்களைக் கழற்றி, டிவி ரிமோட்டிலிருந்த பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து, சிவப்பு ஒயரை அதன் மேல்முனையிலும் கறுப்பை அடிமுனையிலும் ஒரு கணம் தொட்டுக்காட்டினார். வலது ஸ்பீக்கரின் கூம்பு 'டப்' என்று முன்னே வந்தது. இடதில் அதே கூம்பு உள்ளே போனது. "அண்ணே, ஒரு பொட்டில சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கு, அவ்ளோதான்." ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது, அப்பாவின் பதிவுகள் மோனோ, இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி என்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. மாற்றிப் பூட்டியதும் தொப்பி 'கும்' என்று கூடத்தில் விழுந்தது. அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். தம்பி காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது எரிச்சலை இரட்டிப்பாக்கியது. காதின் வடிவம் ஒலியை மாற்றுவது பொய்யல்ல. செவிமடலின் மேடுபள்ளங்கள் உயர்ந்த அதிர்வெண்களை, ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, கூட்டியும் குறைத்தும் உள்ளே அனுப்புகின்றன. ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா, முன்னாலா பின்னாலா என்று மூளை அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்து ஆய்வாளர்கள் காதுக்குள் அச்சு வைத்து மடலின் வடிவத்தை மாற்றியபோது மேல்கீழ் தெரியாமல் தடுமாறியவர்கள், சில வாரங்களில் புதிய வடிவத்துக்குப் பழகிவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன "ஒரு மாதம்" இந்த மாதிரி எங்கோ கேட்டதன் திரிபாக இருக்கலாம். ஆனால் என் காது மாறவில்லையே. ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக அதே காதோடுதான் தெருவையும் கச்சேரியையும் கேட்டுவருகிறேன். ஸ்பீக்கரின் ஒலியும் அதே மடலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. மடலை ஒதுக்கிவிட்டு நேரே காதுக்குள் பாடும் ஹெட்போனுக்குத்தான் அந்த அளவீட்டால் பயன் உண்டு. தொப்பியின் கதை இன்னும் வேடிக்கையானது: 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். ஆறேழு சென்டிமீட்டர் மடல் அதை என்ன செய்துவிடும்?

உண்மையில் பார்த்திருக்க வேண்டியது கூடத்தை. பொருத்த வந்தவர் ஒரு ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்திருந்தார். மூலை தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கும். இரண்டும் ஷோகேஸின் மேல்தட்டில், உட்கார்ந்தவர் காதுக்கு இரண்டடி மேலே இருந்தன. இப்போது இறக்கி, சிறு ஸ்பீக்கர் கூம்பு காதுக்கு நேராக இருக்கும்படி ஸ்டூலில் வைத்து, சுவரிலிருந்து தள்ளி, இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவும் அவற்றிலிருந்து என் நாற்காலிக்கு உள்ள தொலைவும் ஒன்றாக இருக்கும்படி நூல் பிடித்து அளந்தேன். பாடகர் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். செலவு ஒன்றுமில்லை, ஷோகேஸ் பொம்மைகளை இடம் மாற்றியதற்கு வீட்டில் வாங்கிய ஏச்சைத் தவிர.

பேட்டரிச் சோதனையைக் காணொளியாக எடுத்துத் திங்களன்று அனுப்பினேன். அதற்குத்தான் நேற்றைய குறுஞ்செய்தி.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. காதைப் படமெடுத்து ஸ்பீக்கர் விற்க வருபவரை வாசலோடு அனுப்புங்கள். பொருத்தியவர் படியிறங்குமுன் நான்கு ஒயர் முனைகளையும் நீங்களே பாருங்கள். மோனோப் பதிவு ஒன்றைப் போட்டு, குரல் நடுவில் நிற்காவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். சேவைக் கட்டணத்துக்குத் தனி ரசீது கேளுங்கள்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் பதிவு செய்துவிட்டேன். அது ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை, இரண்டாண்டு அவகாசம் இருக்கிறது. என் ரசீதில் மட்டும் "ஒலி அமைப்பு, முழுமையாக, ரூ. 64,500" என்று ஒரே வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து 18,500ஐப் பிரித்துக்காட்ட அந்த ஜிபே பதிவு போதுமா என்று வழக்கறிஞரைக் கேட்டிருக்கிறேன்.