பட்டன் இல்லாத காரில் நான்கு ஆண்டுகள்

இந்தக் காரை வாங்கி நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. இதுவரை 64,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கிறது. டேஷ்போர்டின் நடுவில் 12 அங்குலத் திரை ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே வழவழப்பான பிளாஸ்டிக் மட்டும்தான். ஏசி, புளோயர், முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்குவது, பாட்டுச் சத்தம் எல்லாமே அந்தத் திரைக்குள். ஸ்டீயரிங்கில் நாலைந்து பட்டன்களும், ஹசார்ட் விளக்குக்குத் தனியாக ஒன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

கார் வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் "பழகிடும்" என்றார்கள். நானும் நம்பினேன். புதுக் கார் விமர்சனம் எழுதுபவர்கள் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு எழுதுகிறார்கள், அதனால் அவர்களும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான்கு ஆண்டு ஓட்டிய பிறகு பழகியதா என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம், முன்னால் ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கம் திடீரென்று ஆவி படர ஆரம்பித்தது. என் பழைய காரில் இதற்குக் கை தானாகப் போகும். இங்கே திரையில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் ஓரத்தில் விசிறிப் படத்தைத் தொட்டால்தான் ஏசி பக்கம் திறக்கும். தொட்டேன். அதில் கண்ணாடிப் படத்தைத் தேடித் தொடப் போகும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, விரல் நழுவிப் பக்கத்தில் இருந்த இருக்கைச் சூட்டைத் தொட்டுவிட்டது. மூன்றாவது முறைதான் சரியாகப் பட்டது. நாலு விநாடி இருக்கலாம். அந்த வேகத்தில் நாலு விநாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். மங்கிய கண்ணாடியோடு, அந்தக் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் 90 மீட்டர் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்குப் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். பட்டன் மேல் விரலைச் சும்மா வைத்திருக்க முடியும். அழுத்தும் வரை எதுவும் நடக்காது. அதனால் விரல் தடவிக்கொண்டே போய், "இது இல்லை, இதற்கு அடுத்தது" என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும், கண் சாலையில் இருக்கும். திரையில் தொடுவதே கட்டளை. தடவித் தேடினால் வழியில் உள்ள எல்லாவற்றையும் இயக்கிவிடும். ஆகவே விரல் படுவதற்கு முன்பே கண் அங்கே போயாக வேண்டும், பட்டதா என்று பார்க்க இன்னொரு முறை போக வேண்டும். கையும் அந்தரத்தில் நிற்கிறது, வண்டி குலுங்கும்போது சேர்ந்து குலுங்குகிறது. நான் இப்போது கட்டைவிரலைத் திரையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தொடுகிறேன். அது ஓரளவு உதவுகிறது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் வாகன நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது, ஒரு வேலையை முடிக்கக் கண் சாலையை விட்டு விலகும் நேரம் மொத்தம் 12 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். கட்டாயச் சட்டம் கிடையாது, வழிகாட்டுதல்தான். 2022-ல் ஸ்வீடனின் 'வி பிலேகரே' என்ற கார் இதழ் ஒரு சோதனை செய்தது. கைவிடப்பட்ட விமானதளம் ஒன்றில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கைச் சூடு, வெப்பநிலை, ரேடியோ மாதிரி அன்றாட வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் பட்டன் வைத்திருந்த 2005-ம் ஆண்டு வோல்வோ வி70-ல் 10 விநாடியில் முடிந்தது, அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். ஓட்டியவர்களுக்கு அந்தந்தக் காரோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்திருந்தார்கள். அதாவது "பழகிடும்" என்பதற்கான வாய்ப்பைக் கொடுத்த பிறகும் இவ்வளவு வித்தியாசம்.

எனக்கு நடந்த பழக்கம் வேறு மாதிரி. இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான் கவனித்தேன். ஓடும் வண்டியில் எதையும் மாற்றுவதையே நான் நிறுத்தியிருந்தேன். குளிர்ந்தால் குளிரட்டும், பாட்டு பிடிக்காவிட்டால் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஒரு பயணத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏசியைக் கொஞ்சம் குறைச்சு வையேன், கால் விறைக்குது" என்றார். "சிக்னல் வரட்டும்மா" என்றேன். நெடுஞ்சாலையில் சிக்னல் எங்கே வரும்? இருபது நிமிடம் கழித்து கண்ணாடியில் பார்க்கும்போது சால்வையை இழுத்துக் காலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு குமிழ் இருந்திருந்தால் அவர் சொல்லி முடிப்பதற்குள் திருகியிருப்பேன். நான்கு ஆண்டில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

கொஞ்சம் கைவசப்பட்டிருந்ததும் மூன்றாம் ஆண்டில் போனது. ஒரு நாள் இரவு மென்பொருள் அப்டேட் வந்தது. காலையில் பார்த்தால் பின்கண்ணாடி சூடாக்கும் படம் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது, அதை ஒரு மெனுவுக்குள் தள்ளிவிட்டார்கள். இரண்டு ஆண்டாகக் கை மனப்பாடம் செய்து வைத்திருந்த இடம் அது. போனில் இப்படி நடந்தால் எரிச்சலோடு போய்விடும். ஓட்டும் வண்டியில் ஓட்டுபவரைக் கேட்காமல் இடம் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. உச்சி வெயிலில் திரை முழுக்கக் கைரேகைதான் தெரியும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் திரை இருண்டுவிடுகிறது. ஈரக் கையோடு தொட்டால் சில சமயம் ஏற்றுக்கொள்வதில்லை.

வைப்பரை மட்டும் ஸ்டீயரிங் பக்கத்துத் தண்டிலேயே விட்டு வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஒரு டெஸ்லா ஓட்டுநர், மழையில் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றிக்கொண்டிருந்தபோது சாலையை விட்டு விலகி மோதினார். கார்ல்ஸ்ரூஹ மேல்நிலை நீதிமன்றம் 2020-ல் அவருக்கு 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதிசெய்தது. காரோடு வந்த திரையானாலும் ஓட்டும்போது கைபேசிக்கு உள்ள அதே விதிதான் என்றது நீதிமன்றம். தண்டனை ஓட்டியவருக்கு. வைப்பரைத் திரைக்குள் வைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய மேப்பும் ரிவர்ஸ் கேமராவும் உண்மையிலேயே அருமை, அவை இல்லாத காருக்கு இனி நான் போக மாட்டேன். ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடும் விஷயங்களும் அங்கேயே இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே தொட வேண்டியவைதான் வெளியே வர வேண்டும். நிறுவனங்களின் கணக்கும் புரிகிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் அச்சு, வயர், சோதனை என்று செலவு. அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்களில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம், ஆகவே திரை எப்படியும் வேண்டும். இருக்கிற திரைக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் மிச்சம்தானே.

இப்போது காற்று மாறுவது போலத் தெரிகிறது. ஹோண்டா தன் 2020 ஜாஸ் காரில் ஏசிக்குக் குமிழ்களைத் திரும்பக் கொண்டுவந்தது. சத்தம், இரு பக்க வெப்பநிலை, விசிறி, ஹசார்ட் விளக்கு இவற்றுக்கு இனி எல்லாக் கார்களிலும் பட்டன் இருக்கும் என்று ஃபோக்ஸ்வாகன் 2025-ல் அறிவித்தது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருப்பதையும் பாதுகாப்பு மதிப்பீட்டில் பார்க்கிறது. பட்டியலில் ஆவி நீக்கியும் இருந்திருக்கலாம் என்பது என் ஆசை.

இதே மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்கு, எனக்கு உதவியதைச் சொல்கிறேன். கிளம்பும் முன்பே ஏசியை ஆட்டோவில் போட்டு வெப்பநிலையை அமைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் பட்டன் ஒன்றுக்கு நீங்களே வேலை ஒதுக்கும் வசதி இருந்தால், அதை முன்கண்ணாடி ஆவி நீக்கிக்குக் கொடுங்கள். எனக்கு அந்த வசதி இருப்பது தெரிய ஒன்றரை ஆண்டு ஆனது. குரல் கட்டளை அமைதியான நேரத்தில் நன்றாகவே வேலை செய்கிறது, ஜன்னல் திறந்திருந்தாலோ நாலு பேர் பேசிக்கொண்டிருந்தாலோ எடுபடுவதில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் திரையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஒரு காரியம் செய்யுங்கள். நிற்கும் காரில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விசிறியைக் கூட்டுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள். போன மாதம் தம்பிக்காகக் கார் பார்க்கப் போனபோது மூன்று கார்களில் இதைச் செய்து பார்த்தோம். ஒன்றில் மட்டும்தான் அவனுக்கு மூன்றும் சரியாக வந்தது. அதைத்தான் பதிவு செய்திருக்கிறான்.