டிபிஎஃப் கழற்றாத பிஎஸ்6 பிக்கப்: இளநீர் லோடு வண்டியின் நீண்ட நாள் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் இளநீர் லோடு அடிக்கும் டீசல் பிக்கப்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு கடைசியில் சைலன்சரில்தான் வந்து நிற்கும். "உங்குளுதுல கேட்டலிட்டிக் இருக்குதுங்களா, கழட்டிட்டீங்களா?" என்று கேட்பார்கள். என்னுடையதில் இருக்கிறது. 2021-ல் எடுத்த பிஎஸ்6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கம்பெனி மாட்டிக் கொடுத்த, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோடுதான் இன்றும் ஓடுகிறது. இடையில் அது என்னைப் பாடாய்ப் படுத்தியதும் உண்மை. கழற்றாமல் எப்படிச் சரி செய்தேன், கழற்றிய வண்டிகளில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன்.

டர்போவை ஒட்டிக் கீழே இறங்கும் கன்வர்ட்டர் குடுவைக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது டிஓசி (டீசல் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட்). சின்னச் சின்னக் கண் வைத்த பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசியிருக்கும். எரியாமல் வரும் டீசல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் அங்கேயே எரித்துவிடும். அதற்குப் பின்னால் டிபிஎஃப், அதாவது கரித் துகளைப் பிடிக்கும் வடிகட்டி. இதுவும் பீங்கான்தான், ஆனால் ஒரு கண்ணுக்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துக் கண்ணுக்குப் பின்பக்கம் அடைப்பு. அதனால் புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே போக முடியும், கரி உள்ளேயே தங்கிவிடும். பிஎஸ்4 பிக்கப்களில் பெரும்பாலும் டிஓசி மட்டும்தான் இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தபோது, கனமான பிக்கப் வகைக்குக் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் என்றிருந்த துகள் அளவு 4.5 மில்லிகிராமாக இறங்கியது. டிபிஎஃப் இல்லாமல் அந்த அளவைத் தொட வழியில்லை.

தங்கிய கரியை வண்டி தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதுதான் ரீஜென். இன்ஜின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக டீசலைத் தாமதமாகத் தெளிக்கும், அது டிஓசியில் எரிந்து, டிபிஎஃப் உள்ளே சுமார் 600 டிகிரி சூடு ஏறும். கரி எரிந்து வாயுவாகப் போய்விடும். இதற்கு வண்டி நிற்காமல் ஒரு கால் மணி, இருபது நிமிடம் ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். எங்கள் பிழைப்பில் இதுதான் சிக்கல். காலையில் தோப்புக்குள் நுழைந்தால் பத்தடி நகர்த்துவோம், நிறுத்துவோம், குலை ஏற்றுவோம், மறுபடி பத்தடி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் அங்கிருந்து ஷெட்டுக்கு மண் ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் கரி சேருமே தவிர எரியாது. கோயம்புத்தூருக்கு லோடு இருக்கும் நாள்தான் கிணத்துக்கடவு தாண்டிய நாலு வழிச் சாலையில் வண்டி நிம்மதியாக மூச்சு விடும்.

முதல் வருடம் முடிவதற்குள் விளக்கு எரிய ஆரம்பித்தது. முதலில் டிபிஎஃப் விளக்கு மட்டும். அப்புறம் செக் லைட்டும் சேர்ந்து, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி எழும்பாமல் போனது. லோடோடு ஒரு சின்ன மேட்டில் இரண்டாவது கியரில் ஊர்ந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது பார்த்தவுடன் வந்த பதில் இது: "உள்ளே இருக்கறதைத் தட்டி எடுத்துட்டு, திரும்ப வெல்டு வெச்சுக் குடுத்தர்றனுங்ணா. வெளியே பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ஈசியூல புரோகிராம் மாத்திட்டா விளக்கும் வராது." ஈசியூ என்பது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர். கூலி கேட்டால் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ஏன் குறைவு என்பது யோசித்தால் தெரியும். தட்டி எடுத்த கட்டியை யாரும் குப்பையில் போடுவதில்லை. பிளாட்டினம், பல்லேடியத்துக்காக அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. நம் வண்டியில் இருக்கும் விலை உயர்ந்த பொருளை நாமே கூலி கொடுத்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இதை வண்டிக்காரர்கள் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நான் வேறொரு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதற்கு இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் போகும். ஐடிலிலேயே ரீடிங் தாறுமாறாகக் குதித்தது. அங்கிருந்த தம்பி அடியில் படுத்து, குழாயை விரலால் வளைத்துக் காட்டினார். முன்பக்கக் குழாயின் முனையில், கிளிப்புக்குக் கீழே, வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு. நேராக விட்டால் கண்ணுக்கே தெரியாது. வெடிப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இரண்டு குழாய்களையும் மாற்றி, ஸ்கேனர் மூலமே ரீஜென் ஓட்டினார்கள். வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் வேகம் ஏறி, ஃபேன் அலற, பழுக்கக் காய்ச்சிய இரும்பு வாசனை வந்தது. முடிந்ததும் ரீடிங் இறங்கி ஒரு இடத்தில் நின்றது. இழுவை பழையபடி வந்துவிட்டது. குழாய் விலை ஒரு டீசல் ஃபில்டர் விலைகூட இல்லை. அன்றைக்கு உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்திருந்தால், வெடித்த ஒரு ரப்பர் குழாய்க்காக முழு கன்வர்ட்டரும் போயிருக்கும்.

டிபிஎஃப் அடைத்துக்கொள்கிறது என்றால் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று சரியில்லை, அல்லது நாம் ஓட்டும் விதம் அதற்கு ஒத்துவரவில்லை. இதுவரை நான் பார்த்த எந்த வண்டியிலும் காரணம் வேறாக இருந்ததில்லை. இன்ஜெக்டர் ஒழுகினால் கரி கூடும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு பாதி திறந்தபடி சிக்கிக்கொண்டால் கரி கூடும். டர்போ சீல் போய் ஆயில் கசிந்தால் கட்டியின் முகமே ஈரமாக மினுங்கும். கன்வர்ட்டரைக் கழற்றினால் இவை எதுவும் குணமாகாது. விளக்கு எரியாது, அவ்வளவுதான். இன்ஜெக்டர் தொடர்ந்து ஒழுகும், ஒருநாள் பிஸ்டனில் கை வைக்கும்.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரி எரிந்துவிடும், ஆனால் இன்ஜின் ஆயிலில் இருக்கும் சேர்மானங்கள் எரிந்து வரும் சாம்பல் எரியாது. கழற்றிச் சுத்தம் செய்யும் வரை அது டிபிஎஃப்பிலேயே தங்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலை ஊற்றச் சொல்கிறார்கள். கையேட்டில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். பழைய பிஎஸ்3 வண்டிக்கு ஊற்றிய அதே கேன் மலிவாகக் கிடைக்கிறது என்று இதிலும் ஊற்றினால், டிபிஎஃப் ஆயுள் பாதியில் முடிந்துவிடும். இன்னொன்று, ரீஜென் பாதியில் நின்றுபோகும்போதெல்லாம் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறையாமல் ஏறியிருந்தால், மோந்து பார்த்து டீசல் வாசம் வந்தால், உடனே மாற்றிவிடுங்கள். என் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருப்பதில்லை, முன்னதாகவே மாற்றுகிறேன்.

ஓட்டும் முறையில் மாற்றியது அதிகமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது லோடோ காலியோ, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுகிறேன். ஐடிலில் வேகம் வழக்கத்தைவிடக் கூடி, ஃபேன் காரணமில்லாமல் ஓடினால் ரீஜென் நடக்கிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி அணைப்பதில்லை. தோப்பில் ஏற்றும்போது இன்ஜினை நிறுத்திவிடுகிறேன். இன்னொரு எச்சரிக்கை, தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்: ரீஜென் ஓடும் வண்டியைக் காய்ந்த மட்டை, மஞ்சிக் குப்பை மேல் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் சூட்டுக்கு அது பற்றிக்கொள்ளும்.

எங்கள் பகுதியில் ஒருவர் கழற்றிவிட்டார். அவர் சொல்வதை அப்படியே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் வண்டி பறந்தது என்றார், அதை நானும் நம்புகிறேன். அடைத்துக் கிடந்த வண்டியைத் திறந்துவிட்டால் இழுவை கூடத்தான் செய்யும், சுத்தம் செய்திருந்தாலும் அதே அளவு கூடியிருக்கும். மைலேஜ் ஏறும் என்று சொல்லித்தான் கழற்ற வைத்தார்கள், அப்படி எதுவும் ஏறவில்லை. புரோகிராம் மாற்றியபோது இழுவைக்காக டீசலையும் கூட்டிவிட்டார்கள்போல, மேட்டில் மிதித்தால் பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது. பிறகு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வந்தது. சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்ட வேண்டும். புகைச் சோதனையில் தேறவில்லை. தட்டி எடுத்த கட்டி மெக்கானிக்கிடம் இல்லை. கடைசியில் புது கன்வர்ட்டர் வாங்கி மாட்டி, ஈசியூவைப் பழைய புரோகிராமுக்குத் திருப்பித்தான் எஃப்சி வாங்கினார். கழற்றியதில் மிச்சம் என்று நினைத்த பணத்தைப்போலப் பல மடங்கு போனது.

மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத உருளை ஒன்றை இடையில் மாட்டிப் பார்த்தார் அவர். அது சரிப்படவில்லை. பூச்சு போதாத கட்டி கரியை எரிக்கும் சூட்டை எட்டாது, விளக்கு திரும்ப வந்துவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வண்டி மாடலுக்கு உரிய பாகத்தையே வாங்குங்கள். அதற்கு முன் கழற்றிச் சுத்தம் செய்துதரும் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சூட்டில் வைத்து, பின்பக்கமிருந்து காற்றடித்துச் சாம்பலை வெளியேற்றுகிறார்கள். அதில் வரும் தூள் கருப்பாக இருக்காது, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும். உள்ளே பீங்கான் வெடிக்காமல் இருந்தால் அதுவே பல வருடம் ஓடும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, காற்று மாசுத் தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவில் இந்தக் கழற்றும் வேலை பெரிய அளவில் நடந்தது. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட கணக்கில், சுமார் பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் நீக்கப்பட்டதாகச் சொன்னது. அதன்பிறகு இதற்கான சாதனம் விற்றவர்கள், கழற்றிக் கொடுத்தவர்கள்மேல் வழக்குகள் போடப்பட்டன.

ஆனால் நான் கழற்றாததற்கு முதல் காரணம் அபராதம் இல்லை. நம் வண்டிக்குப் பின்னால் நிற்பது யார் என்று பாருங்கள். டெயில் போர்டைத் திறந்துவிட்டு, குலையைத் தோளில் சுமந்து வந்து ஏற்றுகிறவர்கள், எண்ணிக்கை போடும் பெண்கள். சைலன்சர் முனை அவர்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. என் வண்டியின் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் துடைத்தால், இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகும் விரலில் லேசான தூசிதான் ஒட்டுகிறது. கழற்றிய வண்டியில் விரல் மையாகிறது. அந்த மை தினமும் எட்டு மணி நேரம் யார் நெஞ்சுக்குள் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய பிஎஸ்6 பிக்கப் வாங்குகிறவர்கள் இதை விலை பேசும் முன்பே பார்த்துவிடுங்கள். கன்வர்ட்டர் குடுவையைச் சுற்றிக் கையால் போட்ட வெல்டு கோடு இருக்கிறதா, வெப்பத் தகடு காணாமல் போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்கேனர் போட்டு டிபிஎஃப் அழுத்த ரீடிங்கைப் பார்த்தபடி ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே கட்டி இருந்தால் எண் ஏறி இறங்கும். எவ்வளவு மிதித்தாலும் எண் அசையாமல் நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்றே சந்தேகப்பட வேண்டும், புது கன்வர்ட்டர் விலையையும் புரோகிராம் திருப்பும் செலவையும் கழித்துத்தான் அந்த வண்டிக்கு விலை சொல்ல வேண்டும்.