பிரிண்ட் காட்டாததைக் காட்டும் குட்டிக் கருவிகள்: பைத்தான் பழகுபவர்களுக்கு

பைத்தானில் ஏதாவது கோளாறு என்றால் எல்லாரும் முதலில் செய்வது பிரிண்ட் போட்டு மாறியின் மதிப்பைத் திரையில் பார்ப்பதுதான். அதில் தப்பே இல்லை, நானும் போடுவேன். ஆனால் பிரிண்ட் சில விஷயங்களை மறைத்துவிடும். அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோலாலம்பூர் செந்தூலில் நான் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் டியூஷன் நிலையத்தில், மாணவர் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து படித்து ஆளுக்கொரு சான்றிதழ் கோப்பு உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. அடையாள அட்டை எண் 12 இலக்கம். 2009-இல் பிறந்த பிள்ளைக்கு 09 என்று தொடங்கும், எக்செலில் அதை எண்ணாக அடித்தால் முன்னால் இருக்கும் 0 காணாமல் போய்விடும். அது பரவாயில்லை, ஒரு இலக்கம் குறைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். 2010-இல் பிறந்தவர்கள்தான் சிக்கல். 10 என்று தொடங்குவதால் எந்த இலக்கமும் குறையாது, ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு பட்டியலில் ஒன்றில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் அடித்திருந்தாலும் அதே 12 இலக்கம், பிரிண்ட் போட்டால் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்று எண், இன்னொன்று எழுத்துச் சரம் என்பதால் பைத்தான் இரண்டும் வேறு வேறு என்று அடித்துச் சொல்லும்.

இதற்கு ஐஸ்கிரீம் என்ற தொகுப்பு அருமையான மருந்து. இலவசம்தான், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் (pip) மூலம் நிறுவினால் போதும். பிரிண்ட் என்று எழுதும் இடத்தில் ஐசி (ic) என்று எழுதி அடைப்புக்குள் மாறியின் பெயரைக் கொடுத்தால், பெயரும் மதிப்பும் சேர்ந்தே வரும், சரமாக இருந்தால் மேற்கோள் குறியோடு வரும். ஒன்றுக்கு மேற்கோள் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கொடுத்த மதிப்பை அப்படியே திருப்பித் தருவது. நீளமான கணக்கு ஒன்றின் நடுவில் ஒரு துண்டை மட்டும் ஐசிக்குள் போட்டாலும் கணக்கு மாறாது, வரியைப் பிரித்து எழுதவும் வேண்டாம். அடைப்புக்குள் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த ஃபங்ஷன் என்று சொல்லும். நிரல் இந்த வழியாகப் போனதா இல்லையா என்று பார்க்க அது போதும். இன்னொன்று, இதன் வெளியீடு பிழைகளுக்கான தனித் தடத்தில் போகிறது, அதனால் ஸ்கிரிப்டின் உண்மையான வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டாலும் இது அதில் கலக்காது.

குறை என்று பார்த்தால், ஐஸ்கிரீம் நிறுவாத கணினியில் அந்த ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்றுவிடும். எதையும் நிறுவ அனுமதிக்காத அலுவலகக் கணினி என்றால், பைத்தான் 3.8-இல் வந்த வசதியைப் பயன்படுத்துங்கள்: எஃப் சரத்துக்குள் (மேற்கோளுக்கு முன்னால் f போட்ட சரம்) நெளிவு அடைப்பில் மாறியின் பெயருக்குப் பின்னால் ஒரு சமக் குறி. பெயர், மதிப்பு, மேற்கோள் குறி மூன்றும் வந்துவிடும், எதையும் இறக்க வேண்டியதில்லை.

அடுத்தது பைஸ்னூப்பர் என்ற தொகுப்பு. ஃபங்ஷன் தலையில் @ குறியில் தொடங்கும் ஒரே ஒரு டெக்கரேட்டர் வரி போட்டால், உள்ளே ஓடும் ஒவ்வொரு வரியையும், எந்த மாறி புதிதாக வந்தது, எது மாறியது, கடைசியில் என்ன திரும்பியது என்று வரிசையாக எழுதிக்காட்டும். வேறு யாரோ எழுதிவிட்டுப் போன நிரலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீண்ட லூப் மேல் போட்டுவிடாதீர்கள், திரை நிரம்பி வழிந்து ஒன்றும் பிடிபடாது. வித் என்று தொடங்கி சந்தேகமான நாலைந்து வரிகளுக்கு மட்டும் போடலாம், அதுதான் சரி. நீளமான மதிப்புகளை இயல்பாக 100 எழுத்தோடு வெட்டிவிடும், முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வரம்பை மாற்ற வேண்டும்.

பைத்தானோடு கூடவே வரும் பிழை தேடும் கருவியான பிடிபியை (pdb) நிறைய பேர் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. 3.7-இலிருந்து பிரேக்பாயிண்ட் என்ற ஒரே சொல்லும் வெற்று அடைப்பும் எழுதினால் நிரல் அங்கே நின்று நம்மைக் கேட்கும். அதைவிட எனக்கு உதவுவது, ஸ்கிரிப்டைத் தொடாமல் பிடிபி வழியாக ஓடவிட்டு, விழும் இடத்திலேயே நிற்க வைப்பது. நம் ஊர்ப் பெயர்களில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கிறதே, அந்தச் சாய்கோடு கோப்பின் பெயருக்குள் போனால் பைத்தான் அதற்கு முன்னால் இருப்பதை ஃபோல்டர் என்று நினைத்து, அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை என்று பிழை காட்டும். புதிதாகக் கோப்பு உருவாக்கும்போது கோப்பு இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது? பிடிபியில் நின்றுகொண்டு பி (p) என்று அடித்து மாறியின் பெயரைக் கொடுத்தால், எந்த மாணவரின் பெயரில் விழுந்தது என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

தினசரி வேலைக்கு என் ஓட்டு ஐஸ்கிரீமுக்கு, பைஸ்னூப்பர் எப்போதாவது. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: பைஸ்னூப்பர் எழுதுவதை லாக் கோப்பில் சேமித்தால், பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். இங்கே மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. வேலை முடிந்ததும் அந்த லாக்கை அழித்துவிடுங்கள், யாரிடமாவது உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் பொய்ப் பெயர் போட்ட பட்டியலில் ஓடவிட்டு அதை அனுப்புங்கள்.