விமானமும் பார்க்கணும், ஊரும் பார்க்கணும்: லண்டனா, ஃபிராங்க்ஃபர்ட்டா, டோக்கியோவா?

சென்னையிலிருந்து ஒரே ஒரு நீண்ட தூரப் பயணம். கையில் அளவான பணம், எட்டுப் பத்து நாள் லீவு. உங்களுக்கு ஓடுபாதை ஓரம் நின்று விமானம் பார்க்க வேண்டும். கூட வருகிறவர்களுக்குக் கோயில், மியூசியம், கடைத்தெரு பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்க்க முடியுமா என்று யார் கேட்டாலும் நான் மூன்று ஊர்களைத்தான் சொல்வேன்: லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், டோக்கியோ. ஆனால் எது மலிவு என்பதை டிக்கெட் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விமானம் பார்க்கும் இடத்துக்கும் ஊர் பார்க்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் கரைகிறது, காற்று திசை மாறினால் அன்றைய நாள் வீணாகுமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

லாஸ் ஏஞ்சலஸ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். செபுல்வேடா சாலையில் இருக்கும் இன்-அண்ட்-அவுட் பர்கர் கடை வாசலில் தலைக்கு மேலே விமானம் இறங்குவது அருமையான காட்சிதான். ஆனால் அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரிய பாடு; அங்கே போனால் கார் இல்லாமல் சுற்றுவதும் கஷ்டம். பழைய பத்து வருட விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தாராளமாகப் போகலாம். கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவின் மாஹோ கடற்கரையும் எல்லோருக்கும் தெரிந்த இடம். அங்கே கடற்கரைக்கு மேலே தாழ்வாக வந்து இறங்கிக்கொண்டிருந்த கேஎல்எம் நிறுவனத்தின் பெரிய 747 விமானம், 2016 அக்டோபரோடு நின்றுவிட்டது. அவ்வளவு தூரம் அவ்வளவு செலவு செய்து போக இப்போது எனக்கு மனசு வரவில்லை.

பணம்

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட் 7,600, டோக்கியோ 6,400. முதல் இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு: லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா. வளைகுடாவில் மாறிப் போனால் பெரும்பாலும் விலை குறையும். டோக்கியோவுக்கு சிங்கப்பூர், கோலாலம்பூர், பேங்காக், ஹாங்காங் என்று எங்காவது மாறலாம். கொழும்பு வழியும் இருக்கிறது; ஸ்ரீலங்கன் விமானம் அங்கிருந்து நேராக டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்குப் போகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இடையில் மாறுவது நஷ்டமே இல்லை, இன்னொரு விமான நிலையத்தைப் பார்த்த கணக்கு. தேதியில் இரண்டு மூன்று நாள் முன்பின் நகர முடிந்தால் மூன்று ஊருக்குமே நல்ல விலை அகப்படும்.

பெரிய வித்தியாசம் விசாவில் தெரியும். பிரிட்டன் விசாவுக்கு ஒரு ஆளுக்கு 100 பவுண்டுக்கு மேல். ஜெர்மனிக்கு வேண்டிய ஷெங்கன் விசா 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஜப்பான் விசாதான் மூன்றிலும் மலிவு. நான்கு பேர் குடும்பம் என்றால் இதிலேயே ஒரு நல்ல தொகை மிச்சமாகும்.

தங்குவதில் லண்டன்தான் கையைக் கடிக்கும். ஆனால் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ சித்தி வீடு, மாமா வீடு என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். தங்க இடமும் வீட்டுச் சாப்பாடும் கிடைத்துவிட்டால் லண்டனை விட மலிவான ஊர் கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, சயின்ஸ் மியூசியம் எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சயின்ஸ் மியூசியத்தில் 1919-இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்த விக்கர்ஸ் விமி விமானமே நிற்கிறது. காலிண்டேலில் இருக்கும் பிரிட்டிஷ் விமானப்படையின் ஆர்ஏஎஃப் மியூசியமும் இலவசம். சொந்தக்காரர் இல்லாதவர்கள் ஹவுன்ஸ்லோ பக்கம் அறை தேடலாம். நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும், பிக்காடிலி ரயில் பாதையும் அங்கேயே இருக்கிறது.

லண்டன்: மர்ட்டில் அவென்யூ

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இரண்டே ஓடுபாதைகள், அவற்றில் நாள் முழுக்க இடைவிடாத வரத்து. ஹாட்டன் கிராஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மர்ட்டில் அவென்யூ வரும். சாதாரண வீடுகள் வரிசையாக நிற்கும் சின்னத் தெரு, அதன் கடைசியில் ஒரு புல்வெளி, அவ்வளவுதான். தெற்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் அந்தப் புல்வெளியை ஒட்டி, கூரைகளைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் உயரத்தில் போகும். இரண்டு மாடி ஏ380 விமானம் ஒன்று கடந்துபோன பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். எஞ்சின் சத்தம் அடங்கி ஒரு சில விநாடி கழித்து, இறக்கை நுனியிலிருந்து சுழன்று கிளம்பிய காற்று கீழே இறங்கும். துணியைக் கிழிப்பது போல ஒரு சீறல் தலைக்கு மேலே கேட்கும். எந்த வீடியோவிலும் அது சரியாகப் பதிவாவதில்லை.

இங்கே திட்டம் போட்டுத்தான் போக வேண்டும். ஆண்டில் சுமார் 70 சதவீத நேரம் மேற்குக் காற்றுக்கு ஏற்பத்தான் ஹீத்ரோ இயங்கும். அப்போது விமானங்கள் கிழக்கிலிருந்து வந்து இறங்கும். மாலை 3 மணி வரை ஒரு ஓடுபாதை, 3 மணிக்குப் பிறகு மற்றது. அடுத்த வாரம் இது மாறும். சுற்றி வாழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இது. அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள், பார்த்துக்கொண்டு நாளைக் குறியுங்கள். கிழக்குக் காற்று அடித்தால் இறங்குகிற விமானங்கள் எல்லாம் நிலையத்தின் எதிர்முனைக்குப் போய்விடும்.

லண்டனுக்கு இன்னொரு பெரிய பலம் கோடை வெளிச்சம். மே கடைசி, ஜூனில் இருட்ட 9 மணிக்கு மேல் ஆகும். மியூசியங்கள் மாலை ஐந்து, ஆறு மணிக்கு மூடிய பிறகும் மூன்று மணி நேரம் ஓடுபாதை ஓரம் நிற்கலாம். குடும்பத்தின் பகல் நேரத்திலிருந்து ஒரு நிமிடம்கூடத் திருட வேண்டியதில்லை. டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் போய்விடும், அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்: 747 இருக்கும்போதே

போயிங் 747 உங்களுக்கு உயிர் என்றால் மற்ற இரண்டு ஊரையும் மறந்துவிட்டு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு டிக்கெட் போடுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் 747-களை 2020-இல் நிறுத்திவிட்டது. ஜப்பானில் பயணிகள் 747 பறந்த காலம் 2014-இல் அந்நாட்டு ஏஎன்ஏ நிறுவனம் விடை கொடுத்ததோடு முடிந்தது. மொத்தம் 1,574 விமானங்கள் கட்டிய பிறகு கடைசி 747-ஐ போயிங் 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இன்று பயணிகளோடு 747 அணிவகுத்து வருவதைப் பார்க்க லுஃப்தான்சாவின் இந்த ஊர்தான் இருக்கிறது. அதிலும் பழைய 747-400-கள் ஒவ்வொன்றாக விடைபெறும் கட்டத்துக்கு வந்துவிட்டன. தள்ளிப்போடக் கூடாத பயணம் என்றால் மூன்றிலும் இது ஒன்றைத்தான் சொல்வேன்.

விமானம் பார்க்கிறவர்களுக்கென்றே மேடை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் செப்பலின்ஹைம் மேடைக்கு உள்ளூர் ரயிலில் இறங்கி நடந்தே போகலாம்.

நான் இந்த ஊரைப் பட்டியலில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் சின்ஸ்ஹைம். அங்கே இருக்கும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் கூரைமேல் ஏர் ஃபிரான்ஸின் கான்கார்டும் சோவியத்தின் டியூ-144-உம் மேலே ஏறுவது போலச் சாய்ந்து நிற்கின்றன. சத்தத்தை விட வேகமாகப் பறந்த இரண்டு பயணிகள் விமானங்களையும் ஒரே இடத்தில் பார்க்க உலகத்தில் வேறு இடம் கிடையாது. படிக்கட்டில் ஏறி இரண்டுக்குள்ளேயும் போகலாம். தரை சாய்வாக இருப்பதால் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கான்கார்டின் ஜன்னல் உள்ளங்கை அளவுதான் இருக்கும். டியூ-144-க்குள் ஏறினால் எல்லாமே கொஞ்சம் அகலம், கொஞ்சம் முரடு. போகும் வழியிலேயே ஹைடல்பெர்க் கோட்டை இருக்கிறது. காலையில் கோட்டை, மதியம் கான்கார்ட் என்று ஒரே நாளில் வீட்டில் எல்லோரையும் திருப்திப்படுத்திவிடலாம்.

இந்தப் பயணத்துக்கெல்லாம் டாய்ச்லாண்ட்டிக்கெட் செல்லும். 2023-இல் 49 யூரோவுக்கு வந்த மாதப் பாஸ் இது. 2025-இல் 58, 2026-இல் 63 யூரோ ஆகிவிட்டது. அதிவேக ரயில்கள் தவிர நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம். கோப்லென்ஸ் வரை ரைன் நதிக்கரையைப் பார்த்துக்கொண்டே போகிற ரயிலும் இதில் அடக்கம். ஒரு விஷயம் கவனம்: இது காலண்டர் மாதக் கணக்கு. 27-ஆம் தேதி இறங்கி 5-ஆம் தேதி கிளம்பினால் இரண்டு மாதக் காசு போகும். அப்புறம் இது சந்தா முறை. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.

குறை என்று சொன்னால், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் பார்க்க இரண்டு நாளுக்கு மேல் சரக்கு இல்லை. ரயிலேறி வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தினமும் அது அலுப்புதான். மெயின் ஸ்டேஷன் எதிரே மலிவாக அறை கிடைக்கும், ஆனால் குடும்பத்தோடு இரவில் நடக்கத் தோதான தெருக்கள் இல்லை அவை.

டோக்கியோ: ஒரே ரயில் பாதையில் எல்லாம்

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது டோக்கியோதான். காரணம் ஒரு ரயில் பாதை. ஹனேடா விமான நிலையத்தில் ஏறினால் அசாகுசாவில் சென்சோஜி கோயில் பக்கம் இறங்கலாம். அதே பாதையில் நரிட்டா விமான நிலையம் வரை மாறாமல் போகிற ரயில்களும் ஓடுகின்றன. இரண்டு பெரிய விமான நிலையங்களும் நடுவே ஊரின் பழைய கோயிலும் ஒரே கோட்டில்! லண்டனிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் இந்தச் சௌகரியம் கிடையாது.

ஹனேடாவின் மூன்று முனையங்களிலும் மொட்டை மாடியில் இலவசப் பார்வைத் தளம் இருக்கிறது. முதல் முனையத்தின் தளம் மேற்கே பார்த்தது. குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும் மாலை நேரம், ஓடுபாதைக்குப் பின்னால் ஃபூஜி மலை கறுப்பாக எழுந்து நிற்கும், அதன் முன்னால் ஜப்பான் ஏர்லைன்ஸின் 767 வால் நகர்ந்து போகும். இரண்டாம் முனையம் கடல் பக்கம் பார்த்தது. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் நல்ல காட்சி உண்டு. மாற நடந்தால் போதும், ஊர் விட்டு ஊர் போக வேண்டாம். மர்ட்டில் அவென்யூவைவிட எனக்கு ஹனேடா பிடித்ததற்கு இதுவே காரணம். தெற்குக் காற்று அடிக்கும் நாளில் ஓமோரி நிலையத்திலிருந்து பேருந்து பிடித்து ஜோனான்ஜிமா கடற்கரைப் பூங்காவுக்குப் போங்கள். இறங்கும் விமானங்கள் மணலுக்கு மேலேயே வரும், பிள்ளைகள் விளையாடவும் இடம் இருக்கிறது.

நரிட்டாவுக்கு வேறு முகம். ஓடுபாதையின் வடக்கு முனையை ஒட்டி சகுரா நோ யாமா என்ற சின்னக் குன்று, பெயருக்கேற்ப செர்ரி மரங்கள். அருகிலேயே உள்ளூர் விவசாயிகளின் காய்கறி விற்கும் கடை. ஏஎன்ஏ வைத்திருக்கும் மூன்று ஏ380-களும் கடலாமை வேஷத்தில் நீலம், பச்சை, ஆரஞ்சு நிறங்களில் ஹொனலுலு போய்வருகின்றன. அவற்றைப் பார்க்க வேறு ஊர் ஜப்பானில் இல்லை. விவசாயிகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த விமான நிலையத்துக்கு நிலம் எடுத்ததை எதிர்த்து சன்ரிசுகா விவசாயிகள் பல ஆண்டு போராடினார்கள். 1978 மார்ச்சில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே போராட்டக்காரர்கள் புகுந்ததால் திறப்பு மே 20-க்குத் தள்ளிப்போனது. பரந்தூர் செய்திகளைப் படித்துவருகிற நமக்கு அந்தக் குன்றில் நிற்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.

சாப்பாட்டில் மட்டும் சைவர்களுக்கு டோக்கியோ சிரமம். காய்கறிக் குழம்பு, நூடுல்ஸ் எதிலும் மீன் சாறு கலந்திருக்கும். சைவம் கண்டிப்பு என்றால் லண்டன்தான் நிம்மதி. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மாட்டிறைச்சிச் சோற்றுக் கடைகளும் கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்றுருண்டைகளும் இருக்க, மூன்று ஊரிலும் மிகக் குறைந்த செலவில் வயிறு நிறையும்.

டோக்கியோ என்று முடிவு செய்தால் டிக்கெட்டை நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவது போலப் போடுங்கள். முதல் இரவு நரிட்டா ஊரிலேயே தங்கல். அறை வாடகை தலைநகரை விடக் குறைவு. மறுநாள் காலை 940-இல் தோன்றிய நரிட்டா-சான் கோயில், அதன் முன்னே விலாங்கு மீன் சுடும் கடைத்தெரு; மதியம் பேருந்தில் சகுரா நோ யாமா. பிறகு டோக்கியோ போய், ஷின்ஜுகுவில் தேடாமல் கமாட்டா பக்கம் அறை எடுங்கள். ஹனேடா சில நிலையம் தள்ளித்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்கே நீண்ட விடுமுறை, அறை விலை ஏறிவிடும். பள்ளி லீவில்தான் போக முடியும் என்றால் மே இரண்டாம் வாரம் கிளம்புங்கள், ஜூன் மழைக்கு முன்னால் திரும்பிவிடலாம். பிள்ளைகள் இல்லை, ஃபூஜி தெரிய வேண்டும் என்றால் ஜனவரி பிற்பாதி.