20 ஸ்லைடர்களையும் கழற்றிச் சுத்தம் செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள், ஒன்றைக்கூடக் கழற்றவில்லை

பழைய ஈக்வலைசர், மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் ஸ்லைடர்கள் (ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் பிடிகள்) கரகரக்கின்றன என்று பழுதுபார்க்கக் கொடுக்கவிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. இதே வேலை பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது என்பதை விசாரித்தபோது தெரிந்துகொண்டேன்.

என் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு 1983இல் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஜப்பானிய கிராஃபிக் ஈக்வலைசர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இடது, வலது சேனல்களுக்கு 10 வீதம் மொத்தம் 20 ஸ்லைடர்கள்; ஒவ்வொன்றும் ஒலியின் ஓர் அதிர்வெண் பட்டையை மட்டும் கூட்டிக் குறைப்பது; 31.5 ஹெர்ட்ஸில் தொடங்கி, பட்டைக்குப் பட்டை இரட்டித்து, 16 கிலோஹெர்ட்ஸ் வரை செல்பவை. சென்ற ஆண்டு அவற்றில் பாதிக்கு மேல் நகர்த்தும்போதெல்லாம் கரகரத்தன. சிலவற்றைத் தொட்டாலே ஒரு பக்க ஒலி மங்கியது. பழைய ஆடியோ சாதனங்களுக்கென்றே இயங்கும் சென்னைக் கடை ஒன்றில் கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்லைடரையும் சர்க்யூட் போர்டிலிருந்து கழற்றி, பிரித்து, உள்ளே உலோக விரல்கள் உரசி நகரும் கார்பன் தடத்தைத் துடைத்து, புதிய கிரீஸ் வைத்துத் திரும்பப் பொருத்துவதாகச் சொல்லி ரூ. 4,500 கேட்டார்கள். இருபது ஸ்லைடர்களுக்கு அது நியாயமான கூலி என்றே எனக்குத் தோன்றியது. இரண்டே நாளில் தயாராகிவிட்டது என்று அழைத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 20 ஸ்லைடர்களின் சாலிடரை உறிஞ்சியெடுத்து, பிரித்து, மீண்டும் பற்றவைப்பது மற்ற வேலைகளுக்கு நடுவே இரண்டு நாளில் முடிகிற காரியமல்ல.

கடையில் போட்டுக் காட்டியபோது கரகரப்பே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து விரல் வைத்த மாத்திரத்தில் ஏதோ மாறியிருப்பது புரிந்தது. கெட்டித் தயிரில் கரண்டியை இழுப்பதுபோல் நிதானமாக நகர்ந்த ஸ்லைடர்கள் இப்போது தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடின. மூன்று வாரத்தில் கரகரப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பியது. மீண்டும் கொண்டுபோனேன். அங்கேயே நிற்கவைத்து, முகப்புத் தகட்டின் இடுக்குகள் வழியாக எதையோ பீய்ச்சி, ஸ்லைடர்களை வேகவேகமாக ஏற்றி இறக்கிக் கொடுத்தார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறியது. அன்றிரவே வலது சேனலின் 4 கிலோஹெர்ட்ஸ், 8 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடர்கள் இரண்டும் செத்துவிட்டன. தொலைபேசியில் கேட்டபோது, “பழைய சாமான் சார், அப்படித்தான் இருக்கும். புது ஸ்லைடர் போடணும்னா ஒன்பதாயிரம் ஆகும்” என்றார்கள்.

அதன் பிறகுதான் நானே மூடியைத் திறந்தேன். ஸ்லைடர் போர்டைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையில் தொழிற்சாலையில் வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. அந்தத் திருகுகளைக் கழற்றாமல் போர்டை வெளியே எடுக்கவே முடியாது. போர்டின் பின்பக்கம் ஒரு சாலிடர் புள்ளிகூடப் புதிதாகப் பற்றவைத்ததாக இல்லை. ஸ்லைடர்களின் அடியில் எண்ணெய் வழிந்து, தூசியைக் குழைத்து, போர்டின் கீழ் விளிம்பு வரை பழுப்பு நிறத்தில் படிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்லைடர் ஓடும் தண்டவாளத்தின் இரு முனைகளிலும் நாற்பதாண்டுப் பழைய மஞ்சள் கிரீஸ், காய்ந்த மெழுகுபோல் நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துச் சுத்தம் செய்தவர் எவரும் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்.

இதில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: கரகரக்கும் ஸ்லைடரில் எந்தத் திரவத்தைப் பீய்ச்சினாலும் சில நாள்களுக்குச் சத்தம் அடங்கும். டபிள்யூ.டி-40ஆக இருந்தாலும் சரி, தையல் மெஷின் எண்ணெயாக இருந்தாலும் சரி, அது தடத்தின் மேலிருக்கும் அழுக்கைத் தற்காலிகமாக ஒதுக்கிவிடுகிறது. ஆகவே, கடையில் வாங்கும்போது சத்தம் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. அந்த எண்ணெய் தண்டவாளத்தின் கிரீஸைக் கரைத்துக் கார்பன் தடத்தின் மேல் கொண்டுவந்து சேர்க்கிறது. மேலிருக்கும் இடுக்கு வழியாக விழும் தூசி அதில் ஒட்டி, உலோக விரல்களுக்கும் கார்பனுக்கும் நடுவே அரைக்கும் பசையாக மாறுகிறது. தின்னர் போன்ற கடுமையான கரைப்பான்களோ, கார்பன் பூச்சைப் பலகையோடு பிடித்துவைத்திருக்கும் பிசினையே இளக்கிவிடக்கூடும். என் இரண்டு ஸ்லைடர்களிலும் கார்பன் கோடு வழித்தெடுத்ததுபோல் போய், அடியிலிருக்கும் பழுப்புப் பலகை தெரிகிறது.

பிறகு நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த ஓய்வுபெற்ற வானொலி நிலையத் தொழில்நுட்பர் ஒருவர், என் கண்ணெதிரிலேயே ஒரு ஸ்லைடரைக் கழற்றி, மேல்தகட்டின் மடிப்புக் காதுகளை மெல்ல நிமிர்த்திப் பிரித்துக் காட்டினார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தடத்தையும் விரல்களையும் அழுத்தாமல் துடைத்தார். ஐந்து குச்சிகள் கறுத்த பிறகுதான் ஆறாவது வெள்ளையாக வந்தது. தடத்தின் மேல் ஸ்லைடர்களுக்கென்றே விற்கப்படும் மசகை ஒரு மெல்லிய படலமாக விட்டார். கெட்டியான கிரீஸைத் தண்டவாளத்தில் மட்டும், தடத்தில் துளியும் படாமல் வைத்தார். டீஆக்ஸிட் என்ற மின்தொடர்புச் சுத்திகரிப்பு ஸ்ப்ரேயை வாங்குபவர்கள்கூட இதைக் கவனிக்க வேண்டும்: அதில் டி வகை உலோகத் தொடர்புகளுக்கானது, கார்பன் ஸ்லைடர்களுக்கு உரியது எஃப் வகை. பொருத்துவதற்கு முன் மல்டிமீட்டரை நகரும் விரல்களோடு இணைந்த காலுக்கும் ஒரு முனைக்காலுக்கும் இடையில் வைத்து, ஸ்லைடரை மெதுவாக நகர்த்தி, ஓம் அளவு எங்கும் துள்ளாமல் சீராக மாறுகிறதா என்று பார்த்தார். நான்கு சனிக்கிழமைகளில் 18 ஸ்லைடர்கள் உயிர்பெற்றன. இடதுபுறம் ஒன்று மட்டும் சுத்தம் செய்த பின்னும் கரகரத்தது. அதற்குக் காரணம் ஸ்லைடரே அல்ல, அதற்கு முன்னாலிருந்த, டிசியை (நேர்மின்னோட்டத்தை) தடுக்க வேண்டிய கப்பாசிட்டர் கசிந்து ஸ்லைடரில் டிசி மின்னழுத்தம் ஏறியதுதான் என்று கண்டுபிடித்து அதை மாற்றினார். எத்தனை முறை ஸ்ப்ரே அடித்திருந்தாலும் அந்தக் கோளாறு போயிருக்காது.

கடையில் எனக்குக் கொடுத்த சீட்டில் “சர்வீஸ் சார்ஜ்” என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. என்ன வேலை செய்யப்படும் என்று எழுதி வாங்கியிருந்தால் என் கை ஓங்கியிருக்கும். நீங்கள் கொடுக்கும்போது, “20 ஸ்லைடர்களையும் கழற்றிப் பிரித்துச் சுத்தம் செய்தல்” என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். திருகுத் தலைகளையும் போர்டின் பின்பக்கத்தையும் முன்னதாகப் படம் எடுத்து வையுங்கள். பிரித்த நிலையில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நான் எடுத்த படங்களோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பதிலில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

செத்துப்போன அந்த இரண்டு மட்டும் இன்னும் காலியாக இருக்கின்றன. 45 மில்லிமீட்டர் ஓட்டம், 100 கிலோ-ஓம், நடுப்புள்ளிக்குத் தனிக்கால் உள்ள வகை. சாதாரண ஸ்லைடரைப் போட்டால் நடுநிலையில் பட்டை சமமாக நிற்காது. உடைந்த பழைய ஈக்வலைசர் யாரிடமாவது கிடந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள்.