நர்சரிக்கு எந்த சிஎம்எஸ்? ட்ரூபல், ஜூம்லா, வேர்ட்பிரஸ் மூன்றையும் ஓட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரிப் பக்கம் சின்ன நிறுவனங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். மாங்கூழ் ஆலை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என எல்லாம் உண்டு. ஆனால் ஒரு சிஎம்எஸ் (நிரல் எழுதாமலே தளத்தின் பக்கங்களை மாற்ற உதவும் மென்பொருள்) எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால், சந்தூர்ப் பக்கத்து மாங்கன்று நர்சரிக்கு அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். செந்தூரா தீர்ந்திருக்கும், அல்போன்சா ஒட்டுக்கன்று புதிதாக வந்திருக்கும், விலை மாறியிருக்கும். மழை பிடித்துவிட்டால் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் ஆள் வருவார்கள். இதையெல்லாம் தளத்தில் மாற்றப்போவது நான் இல்லை. வண்டியில் கன்று ஏற்றிவிட்டு, கையில் மண்ணோடு போனை எடுக்கிற உரிமையாளர்தான்.

அந்தத் தளம் முதலில் ட்ரூபல் 7-இல் இருந்தது. அமைப்பு என்று பார்த்தால் இன்றும் எனக்குப் பிடித்தது அதுதான். ரகம், கன்றின் வயது, விலை, இருப்பு என்று தனித்தனி ஃபீல்டு வைத்து, வியூஸ் என்ற மாடியூலில் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) பட்டியலாகக் காட்டிவிடலாம். கூடுதல் வித்தை எதுவும் வேண்டாம். சிக்கல் இரண்டு. நிர்வாகப் பக்கம் போனில் கையாளச் சிரமம். “தம்பி, செந்தூரா தீர்ந்துபோச்சுன்னு போடக்கூட உன்னத்தான் கூப்பிடணுமா?” என்று உரிமையாளர் கேட்பார். இன்னொன்று, 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8 அடித்தளத்தையே மாற்றிவிட்டது. 7-இன் மாடியூல், தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) எதுவும் அதில் ஓடாது. தளத்தைப் புதிதாகக் கட்டி, பழைய தரவைக் குடியேற்ற வேண்டும். 7-க்கான ஆதரவைப் பலமுறை நீட்டித்து, 2025 ஜனவரி 5-இல் முடித்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனம் தாங்கும். நர்சரிக்காரரிடம் போய் அதே தளத்துக்கு மறுபடி பணம் கேட்க முடியுமா?

ஜூம்லாவைப் பள்ளிக்கூடத் தளத்தில் ஓட்டினேன். பல மொழி வசதி 1.6 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருப்பது அதன் பெரிய பலம். எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆனால் கட்டுரையைச் சேமித்தாலும், அதற்கு மெனுவில் வழி வைக்காவிட்டால் பார்வையாளர் கண்ணில் படாமல் போகலாம். “போட்டேன் சார், காணோம்” என்று அலுவலக அம்மா அழைக்காத மாதம் கிடையாது.

சரி, வேர்ட்பிரஸ். நர்சரித் தளம் இப்போது இதில்தான் ஓடுகிறது. உரிமையாளர் உள்ளே போனால் நான்கு பெட்டி மட்டும் தெரிகிற மாதிரி அமைத்திருக்கிறேன். விலையை மாற்றி அப்டேட்டை அழுத்திவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுகிறார். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு, பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக அடுக்கும் பிளாக் எடிட்டர் வந்தபோது பலர் திணறினார்கள். பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் (வேர்ட்பிரஸில் மாடியூல் மாதிரி) போட்டுச் சில காலம் ஓட்டிவிட்டு, மெதுவாக மாற்றினேன்.

தமிழில் தளம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, பக்க முகவரி. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்கும். அதற்கு 200 எழுத்துதான் எல்லை. ஆனால் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், அதாவது ‘கி’யில் உள்ள க ஒன்று, இகரக் குறி ஒன்று, முகவரியில் 9 எழுத்தாக விரியும். ‘கிருஷ்ணகிரி’ என்ற சொல்லே 99 எழுத்தைத் தின்றுவிடும். ‘கிருஷ்ணகிரி மாங்கன்று விலை’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘வி’யோடு வெட்டுப்பட்டு நிற்கும், ‘லை’ போய்விடும். வாட்ஸப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக ஒரு முழ நீளத்துக்கு வந்து விழும். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் அடித்துவிடுகிறேன். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

தேடலிலும் ஒரு குறை உண்டு. எழுத்துக் கோவை அப்படியே இருந்தால்தான் அகப்படும். ‘கன்று’ என்று தேடினால் ‘கன்றுகள்’ வரும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரங்கள்’ வராது. அப்புறம் அச்சகத்தில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த நோட்டீஸை எந்த சிஎம்எஸ்ஸில் ஒட்டினாலும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றாமல் தப்பிக்க வழியில்லை.

படம் இன்னொரு தலைவலி. போனில் எடுத்த ஒரு கன்றின் படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைப் பல அளவுகளில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். மலிவு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) இடம் மிச்சமிருந்தாலும் கோப்பு எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும். அதை முட்டியபோதுதான் எங்கள் பேக்கப் நின்றது. தேவையில்லாத அளவுகளை அணைத்த பிறகு சரியானது. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஹோஸ்டிங் வாங்காதீர்கள், புதுப்பிக்கும் கட்டணத்தையும் கேளுங்கள். பிளகின் போடுமுன் அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பார்ப்பதையும் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

மாங்கூழ் ஆலைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மாறுகிற சில பக்கங்கள். சிஎம்எஸ் இல்லாமல் நேராக எழுதிய வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் போதும். அதற்கும் வேர்ட்பிரஸ் போட்டு அப்டேட்டுக்குக் காவல் இருப்பது வீண் வேலை.

பல மொழிக்கு வேர்ட்பிரஸில் பிளகின்தான் கதி. பாலிலாங் போட்டிருக்கிறேன். விலை போன்ற கஸ்டம் ஃபீல்டுகளை (நாமே சேர்க்கும் தகவல் பெட்டிகள்) ஒத்திசைக்கும் அமைப்பை இயக்கிவிட்டதால், தமிழ்ப் பக்கத்தில் விலையை மாற்றினால் தெலுங்குப் பக்கத்திலும் மாறிவிடுகிறது. கன்னடப் பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது. ரகங்களின் பெயரைச் சரிபார்த்துத் தர ஓசூர்ப் பக்கம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.