கஞ்சா வெண்ணெயா, டிங்சரா?

கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.ஹெச்.சி. தண்ணீரில் சரியாகக் கரையாது. கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும். அதனால்தான் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வீட்டில் செய்பவர்கள் வெண்ணெய் (கஞ்சாவின் சத்தை இறக்கிய வெண்ணெய்), டிங்சர் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு) இரண்டில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். பச்சை இலையில் இருப்பது அமில வடிவம், சூடு பட்டால்தான் அது போதையாக மாறும். இது இரண்டுக்கும் பொது.

வெண்ணெயில் பெரிய தலைவலி அளவுதான். சரியாகக் கலக்காவிட்டால், அதைப் போட்டுச் செய்த பண்டத்தில் ஒரே தட்டில் ஒரு துண்டு சும்மா இருக்கும், பக்கத்துத் துண்டு ஆளையே சாய்த்துவிடும். சாப்பிட்டது வேலை செய்ய அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகும். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று அடுத்த துண்டை வாயில் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். கல்லீரல் அதை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடுவதால் போதை 6 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். அப்புறம், ஃப்ரிட்ஜில் அது சாதா வெண்ணெய் போலவே இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைத்தே ஆக வேண்டும்.

டிங்சரைச் சொட்டுச் சொட்டாக எண்ணலாம், சீராகக் கலந்திருக்கும், கருப்புப் பாட்டிலில் மாதக்கணக்கில் நிற்கும். நாக்குக்கு அடியில் வைத்தால் சீக்கிரம் பிடிக்கும். விழுங்கிவிட்டால் வெண்ணெய் கதைதான். ஆனால் நாக்கு எரியும், கசக்கும். ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அளவு முக்கியம் என்றால் நான் டிங்சர் பக்கம். சமையல் ஆசைக்கு மட்டும்தான் வெண்ணெய்.